ஐந்தடிக் கையெழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்துக் காலையில், ராயபுரத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு கட்டுவோர் கொடுக்கும் வரைபடங்களைச் சரிபார்த்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை. விதிப் புத்தகம் எனக்கு மனப்பாடம். கிணற்றுக்கும் கழிவறைக்கும் நடுவே எத்தனை அடி, அறையின் பரப்பில் சன்னலுக்கு எத்தனை பங்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது முத்திரையைப் பற்றியது. வட்ட முத்திரை, ஊதா மை, வரைபடத்தின் வலது கீழ் மூலை, ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே. அதன் கீழே கையெழுத்து. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுப்பேன், அவர்கள் கேட்காவிட்டாலும்.

ஒரே ஒரு முறை தவறினேன். ஒரு சனிக்கிழமை, அலுவலகம் மூடும் நேரம். ராயபுரத்துக் கருப்பட்டி வியாபாரி ஒருவரின் வீட்டு வரைபடம். சுருட்டியே வைத்திருந்த தாள், மேஜைமேல் படியமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறு கையால் முத்திரையை இறக்கினேன். அந்த நேரம் பார்த்துத் தாள் நழுவிச் சுருண்டது. முத்திரை வீட்டு முகப்பின் படத்தில், வாசலுக்கு மேலே வெறுமையாக இருந்த சுவரில், இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. விதிப்படி அதை ரத்து செய்து, காரணம் எழுதி, வேறு தாள் கேட்டிருக்க வேண்டும். நான் அங்கேயே கீழே கையெழுத்துப் போட்டு, வழக்கம்போல அடியில் இரண்டு புள்ளியும் வைத்து அனுப்பிவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, வீடு முடிந்துவிட்டது, குடிபோகுமுன் பார்வையிட வேண்டும் என்று மனு வந்தது. சைக்கிளில் போனேன்.

புது மோஸ்தர் வீடுகள் வரத் தொடங்கியிருந்த காலம் அது. தூண் கிடையாது, சுவரில் பொம்மைகள் கிடையாது. மூலைகள் வளைந்திருக்கும். மாடியைச் சுற்றி மூன்று கோடுகள் ஓடும். கைப்பிடிக்கு இரும்புக் குழாய். துறைமுகத்துக் கப்பல் ஒன்று வழிதவறித் தெருவுக்குள் வந்துவிட்டதுபோல் இருக்கும். இதுவும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வாசலுக்கு மேலே, வழுவழுப்பான வெள்ளைச் சுவரில், இடப்பக்கமாகச் சாய்ந்து, வண்டிச் சக்கரம் அளவுக்கு என் முத்திரை இருந்தது.

சுண்ணாம்பில் புடைத்து நின்றது. சுற்றியிருந்த ஆங்கில எழுத்துகள் கொடியாகியிருந்தன. நடுவிலிருந்த தேதி நாலைந்து மொட்டுகளாகியிருந்தது. அதன் கீழே, ஐந்தடி நீளத்துக்கு, அலைபோல வளைந்து வளைந்து என் கையெழுத்து. அடியில் இரண்டு புள்ளி.

சைக்கிளை நிறுத்தினேனா, கீழே போட்டேனா என்று நினைவில்லை.

“இன்னா சார், வந்ததும் மேலயே பாத்துக்கினு கீறீங்க? நல்லா கீதா?” என்று சாரத்தின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. கொத்தனார். வியாசர்பாடிக்காரர். ஏறக்குறைய என் வயதுதான்.

“இதை யார் போடச் சொன்னது?”

“உங்க ஆபீசுதான். பிளான்ல கீதே!” என்று இறங்கிவந்து, மடிப்பெல்லாம் நைந்துபோன தாளை விரித்துக் காட்டினார். 

அதுவரை அவர் கயிறு பிடித்து, வாய்ச்சொல்லில் வீடு கட்டியவர். தாளைப் பார்த்துக் கட்டியது இதுதான் முதல் தடவை. ஆங்கிலம் படிக்கத் தெரியாது. கப்பல் மாதிரி வீடு வேண்டும் என்று வீட்டுக்காரர் சொன்னதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் துறைமுகத்துக்குப் போய், கப்பல்களின் வளைவை மணிக்கணக்கில் பார்த்துவிட்டு வந்து கட்டியிருக்கிறார்.

“வூடு முச்சூடும் மொட்டையா வுட்டுட்டு ஒரே ஒரு பூ போட்டுக்கிறாரே, எவரோ விசயம் தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சேன் சார். நடுவுல வச்சிருந்தா பொட்டு மாரி பூடும். ஓரமா சாச்சி வச்சாரு பாரு, அங்கதான் நிக்கிறாரு மன்சன்!”

“மூணு நாளு அத்த வுட்டு எறங்கல சார்,” என்றாள் கீழே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்த சித்தாள். “சோறு துன்னக் கூப்டா கரண்டியத் தூக்கினு அடிக்க வராரு.”

நான் குரலை உயர்த்தினேன். இது பூ இல்லை, அலுவலக முத்திரை, தனியார் வீட்டுச் சுவரில் இருப்பது குற்றம், இன்றே உடைத்து எடுக்க வேண்டும் என்றேன். சொன்னது அவ்வளவும் விதிதான். சொல்லாமல் விட்டது ஒன்று: எங்கள் மேலதிகாரி அந்தப் பக்கம் வந்து ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும், அந்த இரண்டு புள்ளியை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிடுவார்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் ஓடிவந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர்.

“என்னய்யா இப்படிச் சொல்லுதிய! வெள்ளிக்கிழம பால் காய்ச்சணும். வாரவுக போறவுக எல்லாம் நின்னு பாத்துட்டுப் போறாவ. மூக்க அறுத்துட்டா வீட்டுக்குள்ள போகச் சொல்லுதிய?”

உடைக்காமல் அனுமதி கிடையாது என்றேன். அவர் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் ஒருமுறை நிமிர்ந்து பூவைப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீங்க வரஞ்சது. நீங்களே ஒடச்சிடுங்க. எனுக்குக் கை வராது சார்.”

வீம்புக்கு வாங்கிக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சாரத்தில் ஏறினேன். விதிப் புத்தகத்தில் சாரம் ஏறுவது பற்றி ஒன்றும் இல்லை.

“மேஸ்திரி, சார் காலு ஆடுது பாரு. போயி புடி!” என்று சித்தாள் கத்தினாள்.

கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தேன். முத்திரையின் ஒரு ஓரத்தில் மை பிடிக்காமல் போயிருந்தது. அதையும் அவர் விடவில்லை. அந்த இடத்தில் கொடி மெலிந்து மெலிந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் சுவரோடு கரைந்திருந்தது. தடவிப் பார்த்தேன். விரலுக்கும் தெரியவில்லை. கையெழுத்துக்கு அடியிலிருந்த இரண்டு புள்ளிகளும் எண்ணூர்க் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்கள். நான் அரை நொடியில் கிறுக்கித் தள்ளியதை இந்த மனிதர் மூன்று நாள் படித்திருக்கிறார்.

சுத்தியலோடு ஏறியவன் சுத்தியலோடு இறங்கினேன். கொத்தனார் கை கொடுத்தார்.

அன்று மதியம் இரண்டு காகிதங்கள் எழுதினேன். முதலாவது பார்வை அறிக்கை: “முகப்பின் அலங்காரம் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது.” இரண்டாவது, முத்திரையைத் தவறான இடத்தில் குத்தி, தெரிந்தே அனுப்பினேன் என்ற வாக்குமூலம். முதலாவதை மட்டும் கொடுத்திருக்கலாம். ஆனால் எதிர்பாராமல் மேலதிகாரி கண்ணில் பட்டால், இடிக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிடுவார். நானே அழைத்துப்போய்க் காட்டினால் பேசிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

வியாழக்கிழமை வந்தார். தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். வீட்டுக்காரர் கைகூப்பியபடி நின்றார். கொத்தனார் எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டார்.

“இது உம்ம கையெழுத்துதானா?”

“ஆமாம் சார்.”

“ஆபீஸ் காகிதத்தில் ஒருநாளும் இவ்வளவு தெளிவாகப் போட்டதில்லையே நீர்.”

பிறகு கொத்தனாரை அழைத்து, அந்த இரண்டு கிளிஞ்சல் எதற்கு என்று கேட்டார்.

“அது இல்லன்னா அல பறந்துடும் சார். ஆணி மாரி புடிச்சிக்கினு கீது.”

மேலதிகாரி வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “ஓர் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. படிக்க முடியாதது முத்திரை ஆகாது. இருக்கட்டும்,” என்றார். வீட்டுக்காரர் பாலுக்குச் சொல்ல ஓடினார்.

எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. கூடவே ஒரு வேலையும். இனி எந்த வரைபடத்திலும் வீட்டுப் படத்தின்மேல் முத்திரை படக்கூடாது என்ற புது விதியை நான்தான் எழுத வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சிய வீட்டில் கொத்தனாரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

“அப்ப இனிமே எந்த பிளான்லயும் பூ வராதா சார்?”

“வராது.”

“பேஜாரு,” என்றார். “இப்பத்தான் கை நல்லா வந்துக்கினு இருந்துச்சு உங்களுக்கு.”

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை எத்தனையோ தாள்களில் கையெழுத்திட்டேன், எல்லாம் சரியான மூலையில். எதையும் யாரும் இரண்டாம் முறை பார்த்ததாகத் தெரியவில்லை. ராயபுரம் பக்கம் போனால் இப்போதும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறேன். கிளிஞ்சலில் ஒன்று உதிர்ந்துவிட்டது, அலை இன்னும் பறக்கவில்லை. பென்ஷன் படிவமோ, பேத்தியின் பள்ளி விண்ணப்பமோ, ஏதாவது ஒன்றை ஏனோதானோவென்று கிறுக்கித் தள்ளக் கை போகும்போதெல்லாம், இதையும் எங்கோ ஒருவர் சாரத்தின்மேல் நின்று மூன்று நாள் உற்றுப் பார்க்கக்கூடும் என்று நினைத்துக்கொண்டு, தாளை மறுபடி விரித்து, சுருளாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.