சைக்கிளின் பின்னே ஓடிய செல்லமுத்து மச்சாள்

தை மாதத்து வியாழக்கிழமை. மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது தந்திச் சேவகர் பள்ளி மதிலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். தந்தி கொடிகாமத்திலிருந்து வந்திருந்தது. என் கணவரின் மூத்த சகோதரி செல்லமுத்து அவர்கள் அன்று அதிகாலை காலமாகிவிட்டார். அப்போது சுகாதார வகுப்புக்காகக் கரும்பலகையில் நுரையீரலின் படத்தைப் பாதி வரைந்திருந்தேன். மீதியையும் வரைந்து முடித்துவிட்டுத்தான் தலைமையாசிரியையிடம் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

காலமானபோது மச்சாளுக்கு ஐம்பத்தேழு வயது. கொடிகாமத்தில் தம் கணவரின் தம்பி மனைவி நோயாய்க் கிடக்க, பார்த்துக்கொள்ளப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டார். முப்பது வயதில் கணவரை இழந்து, இணுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு துண்டு வெங்காயத் தோட்டத்தைத் தாமே பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. கல்லூரியில் படித்த நானோ, இருதயம், நுரையீரல், இரத்த ஓட்டம் என்று பத்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாததை எனக்குக் காட்டித்தந்தவர் அவர்தான்.

உலக யுத்தத்தின் மூன்றாம் ஆண்டில், பங்குனி மாதம், எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தது. ஏழு வாரம் படுக்கை. எழுந்தபோது தலைமயிர் பாதி உதிர்ந்திருந்தது. கால்கள் என்னுடையவைபோல இல்லை. கிணற்றடிக்குப் போய்வந்தாலே மூச்சு வாங்கும். சுன்னாகத்தில் நான் படிப்பித்த பெண்கள் பள்ளியின் முகாமையாளர் கடிதம் அனுப்பினார். மூன்றாம் தவணை தொடங்கும் நாளில் நான் கடமைக்கு வராவிட்டால் வேறொருவரை நியமிப்பார்களாம். நியாயமான கடிதம்தான். ஆனால் அதை வாசித்துவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டேன். பெற்றோல் தட்டுப்பாட்டால் பஸ் ஓடுவது நின்றுவிட்டிருந்தது. மாட்டுவண்டியில் போய் இறங்கினாலும், நாள் முழுவதும் வகுப்பில் நிற்கக் கால் வேண்டுமே.

கணவர் கொழும்பில் உத்தியோகம். எனவே மச்சாள்தான் சுன்னாகத்து டாக்குத்தரிடம் போனார். "நடக்கச் சொன்னியள் ஐயா. நடந்தால் விழுகிறாள். வேறை வழி சொல்லுங்கோ" என்று கேட்டாராம். டாக்குத்தர் யோசித்துவிட்டுச் சைக்கிளைச் சொன்னார். அதில் உடம்பின் பாரத்தை ஆசனம் தாங்கிக்கொள்ளும், கால் சுமக்காமல் வேலை மட்டும் செய்யும், மூச்சும் மெல்ல மெல்ல ஆழமாகும் என்றார். பத்து வயதுக்கும் அறுபது வயதுக்கும் இது பொருந்தும், களைக்கும்வரை ஓடாமல் களைப்பு வருமுன்னே நிறுத்தவேண்டும், அவ்வளவுதான் என்றும் சொன்னார். மணமாகிப் போன தம் மகள் விட்டுச்சென்ற, குறுக்குச் சட்டம் இல்லாத சைக்கிளையும் கொடுத்தார். மச்சாள் அதைச் சுன்னாகத்திலிருந்து இணுவில்வரை கையால் உருட்டிக்கொண்டு வந்தார். காற்றுப் போய்விட்டதா என்று வழியில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி ஊரில் பல நாள் கதையாக இருந்தது. "காத்து இருக்கு. ஓடுற ஆள்தான் வீட்டிலை படுத்துக் கிடக்கு."

அடுத்த நாள் விடியும் வெள்ளாப்பில் என்னை எழுப்பினார். வீட்டுக்குப் பின்னே ஒழுங்கை முழுக்க மணல். விழுந்தாலும் நோகாது என்றார். நான் முப்பத்தெட்டு வயதில், மயிர் உதிர்ந்த தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். மச்சாள் ஆசனத்தின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தார். முதல் நாள் இருபது முழம்கூடப் போகவில்லை. "காணும், இறங்கு. நாளைக்கும் கால் வேணும்" என்றார். ஒரு வாரத்தில் ஒழுங்கை முடக்குவரை போனேன். ஒரு மாதத்தில் ஒரே காலையில் நான்கு முறை போய்வந்தேன். பசி எடுத்தது. இரவில் தூக்கம் வந்தது. ஒரு காலை கிணற்றடியில் இரண்டு வாளி தண்ணீர் அள்ளிய பிறகுதான், நடுவில் இளைப்பாற நான் உட்காரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

இதிலே நான் வெட்கப்படும் ஒன்றுண்டு. என் கால்களையே நான் கவனித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஓடிய ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணை ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சாளுக்குப் பல ஆண்டுகளாகப் பின்னேரத்தில் பாதம் வீங்கும், படியேறினால் இளைக்கும். மூன்றாம் மாதத்தில்தான் பின்னாலிருந்து மூச்சு வாங்கும் சத்தமே கேட்பதில்லை என்று உணர்ந்தேன். கேட்டபோது காலை நீட்டிக் காட்டினார். வீக்கமே இல்லை. "உனக்குக் கால் வந்தது, எனக்கு மூச்சு வந்தது. ஒரு சைக்கிள், ரெண்டு நோயாளி" என்று சிரித்தார்.

தவணை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் தவறு தெரியவந்தது. ஒவ்வொரு முறையும் மச்சாள் பிடித்திருக்க நான் ஏறியிருக்கிறேன். நான் ஓடத் தொடங்கும்வரை அன்பினால் அவர் ஒருமுறைகூடக் கையை எடுக்கவில்லை. அதனால் எனக்கு ஓடத் தெரியும், இறங்கத் தெரியும், தனியே ஏறத் தெரியாது. எங்கள் ஊரிலோ பெரியவர்கள் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும், கோயில் வாசலிலும் இறங்கவேண்டும். சுன்னாகம் போய்ச் சேருமுன் எத்தனை முறை இறங்குவது, யார் ஏற்றிவிடுவது? இரண்டு நாளும் முயன்றேன். முழங்கையில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

 தவணைக்கு முந்தின நாள் மாலை மச்சாள் வழிநெடுக ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டினார். "நாளைக்கு எங்கடை மகேசு சைக்கிளிலை வருவாள். உங்களைக் கண்டாலும் இறங்கமாட்டாள். மரியாதை தெரியாமல் இல்லை, இறங்கினால் ஏறத் தெரியாது. கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கோ." எல்லோரும் சிரித்துச் சம்மதித்தார்களாம். வந்ததும் என்னிடம், "கோயிலிலை கந்தசுவாமியாருக்கும் சொல்லிப்போட்டன். அவர் ஒண்டும் சொல்லேல்லை" என்றார். முன்பு ஊர் அதிகாரியாக இருந்து இளைப்பாறிய விதானையார் ஒருவர் மட்டும் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார் என்பதை என்னிடம் மறைத்துவிட்டார்.

அந்தக் காலையில் விதானையார் தம் படலைக்கு முன்னால், நடுத் தெருவில், குடையோடு நின்றார். எழுபது வயதுப் பெரியவர். என்னால் அவரைக் கடந்து ஓட முடியவில்லை. இறங்கிவிட்டேன். தலைகுனிந்து சைக்கிளை உருட்டத் தொடங்கினேன். பள்ளி ஒன்றரை மைலுக்கும் அப்பால். உருட்டிக்கொண்டு போனால் மணிக்கு முன் போய்ச் சேர முடியாது.

"ஏன் பிள்ளை உருட்டுறாய்?"

"ஏறத் தெரியாது ஐயா."

அவர் என் முழங்கைக் காயத்தையும் கண்ணையும் பார்த்தார். "உன்ரை மச்சாள் சொன்னதை நான் திமிரிலை சொன்ன கெப்பர்க் கதையெண்டு நினைச்சன்" என்றார். பிறகு குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆசனத்தைப் பிடித்தார். "ம், ஏறு." ஏழெட்டு அடி கூடவே ஓடி என்னைத் தள்ளிவிட்டார். "நாளைக்கு இறங்காதை. உனக்கில்லை, எனக்கு மூச்சு வாங்குது" என்று பின்னாலிருந்து சொன்னது காதில் விழுந்தது.

மணி அடிக்குமுன் பள்ளிக்குள் போய்விட்டேன். அன்று ஐந்து பாடமும் நின்றே படிப்பித்தேன். உத்தியோக காலத்தில் ஓடிப் பின்பு முழங்கால் பிடிப்பென்று மாட்டுக்கொட்டிலில் தொங்கவிட்ட தம் பழைய சைக்கிளை விதானையார் அந்த மாதமே இறக்கினார். தட்டையான இந்த ஊர் முழங்காலுக்கென்றே படைக்கப்பட்டது என்று இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

தனியே ஏற நான் பழகிய பிறகு மச்சாளும் சைக்கிள் ஓடப் பழகினார். இம்முறை பிடித்து ஓடியது நான். தோட்டத்துக்குச் சைக்கிளில் போகத் தொடங்கியதும் பேச்சு எழுந்தது. இந்த வயதில், இந்தக் கோலத்தில் சைக்கிளோ என்று கிணற்றடியில் ஒருத்தி கேட்டாள். "வெள்ளைச் சீலை சில்லுக்கை போகாமல் பாத்தால் காணும்" என்றார் மச்சாள். அதன்பின் அவரிடம் யோசனை கேட்டு வந்தவர்களில் அந்தப் பெண்ணும் ஒருத்தி. பிள்ளை பெற்று இடுப்பு நோவோடிருந்தவர்கள் வந்தால், டாக்குத்தரைக் கேளாமல் ஏறக்கூடாது என்று திருப்பி அனுப்புவார். வியர்வை ஆறாமல் கிணற்றில் குளிக்கக்கூடாது என்பார். எல்லா நோய்க்கும் இது மருந்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கொடிகாமம் போக அவரை ரயிலேற்றிவிட்டபோது, இத்தனை பேரை ஓடவைத்துவிட்டீர்களே என்று கேலியாகச் சொன்னேன். "சைக்கிள் சாவைத் தடுக்காது பிள்ளை. சாகுமட்டும் ஒருத்தற்றை கையையும் பிடிக்காமல் கிணத்தடிக்குப் போகலாம். அது காணாதோ?" என்றார். காய்ச்சல் வந்ததற்கு முந்தின நாள்வரை அவர் தாமே தண்ணீர் அள்ளிக் குளித்ததாகக் கொடிகாமத்தில் சொன்னார்கள்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து திங்கட்கிழமை பள்ளிக்குப் புறப்பட்டேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை நிற்கலாமே என்று உறவினர் சொன்னார்கள். நிற்க மனம் வரவில்லை. வாடைக்காற்று நேரே முகத்தில் அடித்தது. பெடலை உழக்க உழக்கக் காற்று பின்னே தள்ளியது. என் நெஞ்சு நோகவில்லை, கால் சோரவில்லை. வழியில் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடவும் இந்த உடம்புக்கு மூச்சு இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

மச்சாள், மணி அடிக்குமுன் போய்விட்டேன். நீங்கள் ஆறுதலாக இருங்கள்.