கடல் பார்க்க ஒரு மாதம்

கடலைப் பார்க்காமலே நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். முப்பதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் சிம்மக்கல் பக்கம் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை. பூகோள வகுப்பில் கரும்பலகை முழுக்க வளைவு வளைவாக அலை வரைவேன். பிள்ளைகள் அதைச் சிலேட்டில் பார்த்து வரைந்துகொள்ளும். ஒரு சாயங்காலம் கிணற்றடியில் இதைச் சொல்லிச் சிரித்தபோது, "நானும்தான் பாத்ததில்ல" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. நர்ஸ் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "நான் திருமங்கலம் தாண்டுனதே இல்ல" என்றார். மூவரும் சேர்ந்து ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது என்று அங்கேயே பேசிக்கொண்டோம்.

நாங்கள் மூவரும் ஒரே வளவில் குடியிருந்தோம். ஆறு வீடுகளுக்கு ஒரு கிணறு. மதினி எனக்கு உறவில்லை. நாங்களாக ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டோம். அவள் புருஷனுக்கு ஜவுளிக்கடையில் வேலை. வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். நர்ஸ் அக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். பிரசவ ஆஸ்பத்திரியில் அவருக்கு உத்தியோகம். அதனால் அவர் கூட வருகிறார் என்றால் எந்த வீட்டிலும் மறுபேச்சு இருக்காது. எனக்குக் கல்யாணமாகி நான்கு வருடம். பிள்ளையில்லை. ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த என் கணவர், "கடல் பாக்கப் போறோம்னு யார்ட்டயும் சொல்லாதீக. ராமேஸ்வரம் தீர்த்தமாடப் போறோம்னு சொல்லுங்க" என்று வழி சொல்லிக்கொடுத்தார்.

ஊர் முடிவாகிவிட்டது. மாதம்தான் முடிவாகவில்லை.

எனக்குப் பள்ளி லீவு சித்திரை, வைகாசியில். அப்போது அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களால் வளவே நிறைந்துவிடும். திருவிழா முடிந்த கையோடு வாந்திபேதி கிளம்பும் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் லீவு தரமாட்டார்கள். ஆடியில் போகலாமா என்று கேட்டதற்கு, காற்று பலமாக அடித்தால் பாம்பன் பாலத்துக்கு முன்னாலேயே ரயிலை நிறுத்திவிடுவார்கள் என்றார் என் கணவர். ஐப்பசியில் புயல் பயம் ஒரு பக்கம், மதினி புருஷனுக்குத் தீபாவளி வியாபாரம் ஒரு பக்கம். கடைசியில் நர்ஸ் அக்காதான் யோசித்துச் சொன்னார்: "தை அமாவாசைக் கூட்டம் கலையட்டும். சிவராத்திரிக் கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவோம். மழையும் இருக்காது, வெயிலும் இருக்காது. அதான் நல்ல சமயம்."

அந்த வருடம் தையில் மதினிக்கு மூன்றாவது பிரசவம். மறு வருடம் ஆஸ்பத்திரியில் இன்னொரு நர்ஸ் படுத்துவிட்டதால் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம்தான் எல்லாம் கூடி வந்தது. மாசி பிறந்து நாலைந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை ரயிலில் ஏறினோம். மதினியின் பிள்ளைகளை மாமியாரும் பக்கத்து வீடுகளுமாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

மானாமதுரை தாண்டியதும் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மதினி வேண்டாமென்று தலையசைத்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். பசி என்றால் முதலில் கை நீட்டுகிறவள் அவள். நர்ஸ் அக்கா கையில் எடுத்த உருண்டையை வாயில் போடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மதினி வெளியே ஓடும் கருவேல மரங்களைப் பார்த்தபடியே, "நாலு முடிஞ்சிருச்சு" என்றாள்.

"ரெண்டு மாசமா நான் டியூட்டிக்குப் போன பெறகுதான் நீ கிணத்தடிக்கு வந்த. இதுக்குத்தானா?"

"ஆமாக்கா."

"உன் மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாகளா? மாசமா இருக்கவ கடலைத் தாண்டக் கூடாதும்பாக. பிள்ளைக அப்பாகிட்ட மட்டும் சொன்னேன். ஒன் இஷ்டம்னுட்டாரு."

நர்ஸ் அக்காவுக்குக் கோபம் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. சோற்றை இலையிலேயே உதறினார். "பரமக்குடியில எறங்குறோம். எதிர்த்தாப்புல வர்ற வண்டியில திரும்புறோம். மாசமா இருக்கவளைக் கூட்டிட்டு வந்து, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

பெட்டியில் எதிரே உட்கார்ந்திருந்த கிழவர் பேச்சு நம்முடையதல்ல என்று எழுந்து வேறு பக்கம் போய்விட்டார். மதினி அழவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"அக்கா, நான் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீக? பெத்து எந்திரி, அடுத்த வருசம் போவோம்பீக. அடுத்த வருசம் கையில பால்குடிப் புள்ள இருக்கும். அது நடக்கும்போது வயித்துல இன்னொண்ணு இருக்கும். மழை இல்லாத மாசம், வெயில் இல்லாத மாசம், கூட்டம் இல்லாத மாசம், எல்லாத்தையும் பாத்துச் சொன்னீக. எனக்கு எது நல்ல மாசம், சொல்லுங்க."

அக்கா உதறிய சோற்றை இலையோடு மடித்தார். எனக்கு அவள் மேல் கோபமும் இருந்தது, பொறாமையும் இருந்தது. எனக்கு எல்லா மாதமும் ஒன்றுதான். பள்ளியில் இரண்டு நாள் லீவு சொன்னால் எந்த மாதம் வேண்டுமானாலும் புறப்படலாம். அவளுக்கு ஒரு மாதம்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தோம்.

பரமக்குடியில் வண்டி நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. வண்டி கிளம்பியதும் நர்ஸ் அக்கா மதினியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். தன் கம்பளியை மடித்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தார். "வயித்துல வலி, ரத்தம், ஒண்ணும் இல்லல்ல? சரி. இனிமே நான் உக்காருன்னா உக்காரணும், எந்திரின்னா எந்திரிக்கணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ அந்த நாரத்தங்கா ஊறுகாயை எடு. அவ அதுக்குத்தான் ஏங்கிட்டிருக்கா" என்றார்.

பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் தண்ணீர். கீழே பார்த்தாலும் தண்ணீர். மதினி என் கையை வலிக்கும்படி பிடித்துக்கொண்டாள். பச்சையா நீலமா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

பாம்பனில் வண்டி மாறி ராமேஸ்வரம் போய், சத்திரத்தில் மூட்டையைப் போட்டுவிட்டு நேரே கடற்கரைக்கு நடந்தோம். அங்கே எனக்குப் பெரிய ஏமாற்றம். அலையே இல்லை. வைகையில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோலக் கடல் சும்மா கிடந்தது. கரையோரம் மட்டும் லேசாக நெளிந்தது.

"இம்புட்டுத்தானா? நம்ம தெப்பக்குளம் கரை இல்லாம கெடக்க மாதிரில்ல இருக்கு!" என்றாள் மதினி.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அதைக் கேட்டுச் சிரித்தாள். "அலை பாக்கணும்னா ஆடியில வந்து தெக்குப் பக்கம் போகணும் தாயி. ஆளையே தூக்கிட்டுப் போயிரும். இப்ப எதுக்கு வந்தீக?"

அவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுத்து, மூன்றாம் வருடம் வாய்த்த மாதம்! நர்ஸ் அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "அடியே, நீ சிரிக்காத, மெதுவா" என்று அக்கா நடுவில் அதட்டினார்.

அலை இல்லாததால்தான் அக்கா அவளைத் தண்ணீரில் இறங்க விட்டார். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை போனோம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மதினி இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று கெஞ்சி, கடைசியில் கரைக்கு அருகே தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி அந்த நேரத்தில் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் தாழும்வரை அப்படியே இருந்தோம். மறுநாள் கோயிலில் தீர்த்தமாடியது, ஊர் திரும்பியது எல்லாம் சொன்ன சொல்லுக்காகச் செய்ததுதான்.

ஆடிக் காற்றில் வளவின் கதவுகள் அடித்துக்கொண்ட ஒரு பகலில் மதினிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க நேரமில்லை. நர்ஸ் அக்காதான் வீட்டிலேயே பார்த்தார். நான் வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு என் வீட்டு அடுப்படியில் காத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் அக்கா முழங்கை வரை ஈரமாக வந்து வாசலில் நின்றார்.

"பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றார். "அவளுக்குக் கொஞ்சம் கஞ்சி வையி. எனக்கு ஒரு காப்பி குடு."

அடுப்பில் இரண்டையும் ஏற்றினேன். அக்கா என் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார்.