அவர் ‘டெஃபனட்லி’ என்று சொன்ன மதியம்

அரிமளத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறேன். அன்று காலையில்தான் ‘டெஃபனட்லி’ என்ற சொல்லை நடத்தியிருந்தேன். துளிச் சந்தேகமும் இல்லாத இடத்தில், பேச்சுக்கு அழுத்தம் கொடுக்க இது வரும் என்று போர்டில் எழுதிப் போட்டு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வைத்தேன். பாதி வகுப்பு, நாளைக்கு டெஃபனட்லி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு வருவேன் என்றது. எழுதி வரப்போவதில்லை என்று அதுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் போன் செய்தார். அவர் வளைகுடாவில் கட்டட வேலையில் இருக்கிறார். தன் தங்கச்சியின் நிக்காஹுக்கு அடுத்த வாரம் வருவதாக டிக்கெட் போட்டிருந்தார். கொஞ்ச நாளாகவே வீடியோவில் முகம் காட்டவில்லை. கேட்டால் நெட்டு சரியில்லை என்பார். என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

“டெஃபனட்லி வந்துருவேன்” என்றார்.

டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். எங்கள் வீடுகளில் நாளைக்குக் கடைத்தெருவுக்குப் போவதென்றால்கூட ‘இன்ஷா அல்லாஹ்’ சேர்க்காமல் சொல்ல மாட்டோம், இறைவன் நாடினால் என்று. இவரோ சாயங்காலம் டீ குடிப்பதற்கே அதைச் சொல்கிற மனிதர். டீக்கு எதுக்குங்க அல்லாஹ்வைத் தொந்தரவு பண்றீங்க என்று நானே கேலி பேசியிருக்கிறேன். ஆனால் பொய்யோடு அந்தப் பெயரைச் சேர்க்க அவருக்கு நாக்கு வராது. அதற்காகத்தான் மனுஷன் இங்கிலீஷைப் பிடித்திருக்கிறார் என்று பட்டது.

“இன்ஷா அல்லாஹ் சொல்லுங்க” என்றேன்.

“டிக்கெட்டெல்லாம் போட்டாச்சுல்ல” என்றார்.

“சொல்லுங்கங்குறேன்ல.”

வைத்துவிட்டார். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை.

மதியத்துக்கு மேல் என்ன நடத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வேலை போய்விட்டதா, போலீஸ் பிடித்துவிட்டதா, நெஞ்சு வலியா? வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டாரோ என்றுகூட ஓடியது. அப்படியே இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டும், ஆள் முழுசாக இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கி நின்று வீடியோவிலேயே கூப்பிட்டேன். எடுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டில். தாடி வளர்ந்து கிடந்தது. வலது காலில் முட்டிக்குக் கீழே பெரிய கட்டு. கட்டடத்துச் சாரம் சரிந்து விழுந்துவிட்டாராம். காலைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லையாம்.

“அம்மாட்ட சொல்லிராத. அவுகளுக்கு நெஞ்சு தாங்காது. நிக்காஹ் முடியட்டும்” என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். நான் அழவில்லை, பயத்தில் அழுகைகூட வரவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முகத்தைச் சரிசெய்துகொண்டே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தபோது மாமி சாயங்காலத்து அஸர் தொழுதுவிட்டுப் பாயை மடித்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷில் ஏபிசிடிகூடத் தெரியாதவர். மகன் வரப்போகிறான் என்று ஒரு வாரமாக வீட்டையே புரட்டிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“போன் வந்துச்சாம்மா? வந்துருவான்ல?”

வருவாங்க, இன்ஷா அல்லாஹ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தொழுத பாயைக் கையில் வைத்திருக்கிற அந்த மனுஷியின் முன்னால் எனக்கும் அது வரவில்லை.

“டெஃபனட்லி வருவாங்க மாமி” என்றேன்.

மாமி மடிப்பதை நிறுத்தினார். நான் மேற்கொண்டு ஏதாவது சேர்ப்பேன் என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பையை ஆணியில் மாட்டினேன்.

“எம் புள்ளைக்கு என்னம்மா ஆச்சு?” என்றார்.