மூத்தாளுக்கு வைத்த புடவை

வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வலியசாலை வீட்டின் நடு அறையிலிருந்து புதுப்புடவையின் கஞ்சி வாசனையும் சாம்பிராணியும் கலந்து வரும். கதவு சாத்தியிருக்கும், உள்ளே சித்தி தணிந்த குரலில் பேசுவாள், பதில் கேட்கிறவளைப்போல நிறுத்துவாள், பிறகு "சரிக்கா" என்பாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா இறந்த மறுவருஷம் அப்பா நாகர்கோவிலிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "தாய் செத்தா தகப்பன் சித்தப்பன்" என்று அத்தை என் காதில் விழும்படியே சொல்வாள். மிச்சத்தை டிவியில் போட்ட படங்கள் சொல்லித் தந்தன: சித்தி என்றால் பாலில் விஷம் கலப்பாள், இல்லாவிட்டால் மந்திரவாதியிடம் போவாள். ஆகவே சித்தி தந்த பாலையெல்லாம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செடி செழித்துத்தான் வளர்ந்தது, அதையும் நான் நம்பவில்லை.

எங்களவர்களில் இரண்டாம் தாரமாக வருகிறவள், இறந்துபோன "மூத்தாளுக்கு"ப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்ட பிறகுதான் தான் புதுசு உடுத்துவாள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் கண்டது பலகையில் மடித்த பச்சைப் புடவையும் அதன்மேல் பிச்சிப்பூவும். செய்வினை என்று முடிவுகட்டி, சித்தி துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, அதைச் சுருட்டிப் பின்கட்டுப் பாழுங்கிணற்றில் போட்டேன். விழுந்த சத்தமே கேட்கவில்லை.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் கண்டது. புடவை காணாமற்போனதைப் பற்றிச் சித்தி என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. முகம் மட்டும் வெளுத்திருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நான் கண் விழித்தபோது, அவள் என்னைப் பார்க்காமல் என் தலைமாட்டுக்கு மேலே வெறும் சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றாள்.

"புடவைய எடுத்துக்கிட்டியளே, அது போதும்க்கா. பிள்ளைய எங்கிட்ட விட்டிருங்க."

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் சித்தியைக் கண்டு பயந்த நாளெல்லாம், சித்தி என் அம்மாவைக் கண்டு பயந்திருக்கிறாள். அன்று சாயங்காலம் அவள் தந்த பாலைக் குடித்தேன், காய்ச்சல் இறங்கியது.

இப்போது கழக்கூட்டத்து ஃபிளாட்டில் என் மகளோடு பார்க்கும் புதுப்படங்களில் சித்திகள் நல்லவர்கள்; காபிக் கடையில் மனம்விட்டுப் பேசி, மன்னிப்புக் கேட்டு, இரண்டு மணி நேரத்தில் தோழிகளாகிவிடுகிறார்கள். நல்லதுதான், மந்திரவாதிக்கு வேலை போயிற்று. ஆனால் செத்தவள் அந்தப் படங்களில் மாலை போட்ட போட்டோவோடு சரி. அவளிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை. வலியசாலை வீடும் போய்விட்டது, கிணற்றை மண்ணடித்து மூடிவிட்டார்கள், மூத்தாளுக்குப் புடவை வைக்கிறவர்களையும் காணோம்.

சித்தியும் எங்களோடு படம் பார்ப்பாள், சோபாவில் தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு. படத்தில் மன்னிப்புக் கேட்கும் காட்சி வரும்போதெல்லாம் எனக்கும் உண்மையைச் சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும். அம்மா புடவையை வாங்கிக்கொண்டு என்னைத் தனக்குக் கொடுத்துவிட்டாள் என்ற நம்பிக்கையில்தான் அவள் இத்தனை வருஷமாக என்னைத் தன் பிள்ளை என்கிறாள். எடுத்தது நான் என்று சொன்னால், கொடுத்தது யார் என்று கேட்பாள்.