பரமண்ணை போட்ட தரை

செவ்வாய்க்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு மதுஜா தொலைபேசியில் அழைத்தபோது நான் பால்கனியில், அவளுடைய அப்பா போட்டுத் தந்த பலகைத் தரையில், வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ரீச்சர், அப்பா மோசம் போயிட்டார்" என்றாள்.

"இல்லையே. நேற்று எட்டு மணி மட்டும் மேலை தட்டிக்கொண்டெல்லோ இருந்தவர்" என்றேன். அதைச் சொன்னால் செய்தி பொய்யாகிவிடும் என்பதுபோல இரண்டாவது தடவையும் சொன்னேன். மதுஜா அழவில்லை. "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று எனக்கு அவள்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பரமநாதனுக்கு வயது ஐம்பத்தாறு. சுவிசில், ஓர்லிகோனில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்திரண்டு வருடங்கள் வேலை. அன்று காலை வேலையாட்கள் உடுப்பு மாற்றும் அறையில், வேலைச் சப்பாத்தைப் போடுவதற்காக வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். வலது சப்பாத்தைப் போட்டுவிட்டார். உயிர் போனபோது இடது சப்பாத்து கையில் இருந்ததாம். தடிமன் காய்ச்சல் என்றுகூட அவர் லீவு எடுத்து நான் பார்த்ததில்லை.

எங்கள் கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி. நான் இரண்டாம் மாடி, நேர் கீழே. தமிழ் ஆட்கள் எல்லோருக்கும் அவர் பரமண்ணை. தரை என்றால் பரமண்ணை. இங்கே வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கும் யோசிக்கவேண்டும். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து சுவரையும் தரையையும் தடவிப் பார்ப்பார். அதனால்தான் பரமண்ணைக்கு அந்தப் பலகைகளில் அவ்வளவு காதல். ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம். மேலே மரச் சட்டங்கள், கீழே கறுப்புப் பிளாஸ்ரிக் தட்டு, ஓரத்தில் கொளுக்கிகள். ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து அமத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். ஒட்டும் பசையில்லை, ஆணியில்லை. ஊற்றுகிற தண்ணீர் சட்டங்களுக்கு இடையால் இறங்கிக் கீழாலே ஓடிவிடும்.

"சுவிசிலை முப்பது வருசம் ரீச்சர். சொந்தமா ஒரு அடி நிலம் இல்லை" என்பார். பிறகு ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுவார். "இது ஒரு அடி. பிடியுங்கோ. வீடு மாறேக்கை கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு போகலாம்."

சனிக்கிழமைகளில் யாராவது ஒரு வீட்டில் அவர் முழங்காலில் நிற்பார். பழைய யோகாப் பாயை வெட்டிச் செய்த முழங்கால் உறை. காதில் பென்சில், கையில் வெள்ளை றப்பர்ச் சுத்தியல். அளவு நாடா அவரிடம் இருந்தது, ஆனால் முதலில் அதை எடுக்கமாட்டார். காலுறையைக் கழற்றிவிட்டு வெறும் தரையில் மெதுவாக நடப்பார், கண்ணை மூடிக்கொண்டு. "இதிலை சரிவு. இதிலை ஒரு பள்ளம்" என்று பெருவிரலால் தட்டிக் காட்டுவார். அதன் பிறகுதான் நாடா. முதல் வரிசை முடியும்வரை தேத்தண்ணி குடிக்கமாட்டார். அந்த வரிசை கோணினால் கடைசி வரிசை சுவரில் ஏறும், தேத்தண்ணி ஆறினால் இன்னொன்று போடலாம் என்பது அவருடைய வாதம்.

பால்கனியோடு நிற்கமாட்டார். குளியலறையில் கால் வழுக்கும் இடத்தில் நான்கு, வாசலில் ஈரச் சப்பாத்து வைக்க இரண்டு, சாமித் தட்டுக்கு முன்னால் சம்மணம் கட்டி உட்கார ஆறு. ஒருதரம் நிலக்கீழ் வாஷ்கூச்சேயில், எல்லா வீட்டாரும் முறை வைத்து உடுப்புத் தோய்க்கும் இடத்தில், மெசினுக்கு முன்னால் நான்கு பலகை போட்டுவிட்டு வந்துவிட்டார். கட்டடப் பொறுப்பாளர் அனுமதி இல்லையென்று கழற்றி, ஒரு கடிதத்தோடு பரமண்ணையின் வாசலில் அடுக்கிவைத்தார். இரண்டு கிழமை கழித்து அதே மனிதர் மணியை அடித்து, அந்தப் பலகை எங்கே வாங்கலாம், தன் பால்கனிக்கு எத்தனை தேவைப்படும் என்று கேட்டார். பரமண்ணை போய்ப் போட்டுக் கொடுத்தார். திரும்பி வந்து என்னிடம், "கடிதத்தையும் கொண்டு போனனான். ஒரு மூலை ஆடினது, மடிச்சுக் கீழை வைச்சிட்டன்" என்றார்.

அவருடைய மனைவி இராஜேஸ்வரி அக்காவுக்கு இதெல்லாம் வாய்க்கு அவல். "மற்ற மனிசர் பெஞ்சாதிக்கு நகை வாங்குவினம். இவர் பலகை வாங்குவார். அதுவும் எனக்கில்லை, ஊராக்களுக்கு."

அது பகிடி இல்லை என்பது போன வருடம் வைகாசியில் தெரிந்தது. அவர்களுடைய பால்கனி ஒன்றுதான் வெறும் கொங்கிறீற்றாகக் கிடந்தது. ஊராரின் பலகைப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடம் அது. அறையிலிருந்து அதில் இறங்க ஆறு சென்ரிமீற்றர் படி. தோய்த்த உடுப்புக் கூடையோடு இறங்கிய அக்கா அந்தப் படியில் தவறி விழுந்தார். இடுப்பெலும்பு. இரண்டு சத்திரசிகிச்சை. வீட்டுக்கு வந்தபிறகு றோலாட்டரை, பிடித்து நடக்கிற சில்லு வண்டியை, தள்ளிக்கொண்டு சமையலறைவரை போவார். பால்கனிக் கதவுப் பக்கம் மட்டும் போகமாட்டார். பகலிலும் அந்தத் திரை மூடியே கிடந்தது. "எனக்கு வெளி வேண்டாம்" என்பார். மூன்று கிழமைக்கு முன் அவரை மறுபடியும் மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தார்கள். அங்கேயும் வாசற்படி கண்டால் நின்றுவிடுகிறாராம்.

"எத்தினை வீட்டுக்குத் தரை போட்டன் ரீச்சர்" என்று பரமண்ணை ஒருநாள் மாடிப்படியில் சொன்னார். "என்ரை வாசலிலை அவள் விழுந்தாள்." அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டது அந்த ஒருதரம்தான்.

வெள்ளிக்கிழமை அக்கா வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குமுன் படியே இல்லாமல் பண்ணிவிடுவது என்று அவர் முடிவெடுத்திருந்தார். பலகைக்கு மேல் பலகை, இரண்டு அடுக்கு, நடுவில் றப்பர்த் துண்டுகள். தரை உயர்ந்து அறையின் மட்டத்துக்கு வந்துவிடும், றோலாட்டர் தடக்காமல் உருளும். சனிக்கிழமை கீழ் அடுக்கு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே சுத்தியல் தூக்கக்கூடாது. திங்கள் பின்னேரம் வேலையால் வந்ததும் கதவடியிலிருந்து மேல் அடுக்கைத் தொடங்கினார்.

எட்டு மணியளவில் தட்டல் நின்றது. நான் என் பால்கனியில் நின்றேன்; மேல்மாடிக் கம்பிக்கு மேலால் அவர் தலை எட்டிப் பார்த்தது.

"ரீச்சர், சத்தம் கேக்குதோ?"

"கேக்குது அண்ணை."

"பொறுங்கோ. வெள்ளிக்கிழமை ராசேஸ் இதிலை வந்து நிண்டு உங்களோடை கதைப்பா. அப்ப இந்தச் சத்தம் பரவாயில்லை எண்டுவியள்."

சிரித்தார். தலை மறைந்தது. கதவு பூட்டும் ஓசை கேட்டது. இதை எழுதும்போதும் மேலே யாரோ முழங்காலை ஊன்றி எழும்புவதுபோல இருக்கிறது. பதினொரு மணித்தியாலம் கூட ஆகவில்லை, மதுஜாவின் அழைப்பு வந்துவிட்டது.

அக்காவை அன்று மத்தியானமே கூட்டிவந்தார்கள். அழுகை இல்லை. சோபாவில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பால்கனித் திரை மூடியபடியே கிடந்தது.

அடுத்த திங்கள் தகனம் முடிந்து திரும்பினோம். சாவுத் துடக்குப் போக வீடு கழுவவேண்டும். அக்காவின் சித்தி மகள் செல்வராணி, லாங்கன்தாலிலிருந்து வந்தவர், வாளியில் மஞ்சள் தண்ணீர் கலந்து அறை அறையாகத் துடைத்துக்கொண்டு வந்தார். பால்கனித் திரையை ஒரே இழுப்பில் திறந்து, கதவையும் திறந்து வெளியே போனார்.

"இதென்ன, வீட்டுக்கு மேலை வீடோ? எல்லாத்தையும் கழட்ட வேணும்."

"வேண்டாம் சித்தி" என்றாள் மதுஜா. "மேலாலை ஊத்தினாக் காணும். தண்ணி கீழை போற மாதிரித்தான் அது செய்தது."

"எனக்குப் படிப்பிக்காதை. அடி கழுவாமல் துடக்குப் போகாது."

பூட்டிக்கொண்ட பலகைகளை நடுவிலிருந்து கிளப்ப முடியாது. ஓரத்திலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். செல்வராணி குனிந்து, மேல் அடுக்கு முடிகிற இடத்தில் விரலைக் கொடுத்து இழுத்தார். கொளுக்கி விட்டது. டக்.

இரண்டாவது டக் கேட்டபோது சோபா காலியாக இருந்தது.

நாங்கள் தாங்கிப் பிடிக்க எழும்புவதற்குள் றோலாட்டர் கதவைத் தாண்டிவிட்டது. அது தடக்கவில்லை. சில்லுகள் அறையிலிருந்து பலகைக்கு அப்படியே உருண்டன. அக்கா செல்வராணிக்கு முன்னால் போய் நின்றார்.

"செல்வி, கையை எடு."

"அக்கா, துடக்கெல்லோ..."

"என்ரை வீட்டுத் துடக்கை நான் பாக்கிறன். நீ மேலாலை ஊத்து."

செல்வராணி வாளியைச் சரித்தார். மஞ்சள் தண்ணீர் சட்டங்களுக்கு இடையால் இறங்கிக் காணாமல் போனது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது, அக்கா எங்கே நிற்கிறார் என்று. மதுஜா வாயைப் பொத்திக்கொண்டு கதவடியில் இருந்துவிட்டாள். பதினொரு மாதத்துக்குப் பிறகு பால்கனியில். அக்கா மட்டும் எதையும் கவனிக்காதவர்போல, கழன்று கிடந்த இரண்டு பலகைகளையும் வெறுங்காலால் இடத்துக்குத் தள்ளினார். றோலாட்டரை இறுகப் பிடித்துக்கொண்டு, இடுப்பெலும்பு உடைந்த அந்தக் காலாலேயே ஒன்றை அமத்தினார். பிறகு மற்றதை. இரண்டும் பூட்டிக்கொண்டன.

அதற்கு அப்பால், கம்பியோரத்து மேல் வரிசையில், ஏழு பலகைகள் இன்னும் போடவில்லை.