கலர் அண்ணன் மலைக்குப் போனது

கார்ப் பட்டறையில் பெயின்ட் கலக்குகிறவர் என்பதால் தெரு முழுக்க அவருக்குக் கலர் அண்ணன் என்றே பெயர் விழுந்துவிட்டது. கதவு நசுங்கி ஒரு கார் வந்தால், தட்டி நிமிர்த்திய இடம் தெரியாதபடி பழைய நிறத்தோடு ஒட்டிப்போகிற பூச்சை அவர் கலந்து தரவேண்டும். நீங்களும் நானும் வெள்ளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். அவர் விடமாட்டார். "எந்த வெள்ளை? பால் வெள்ளையா, பல்லு வெள்ளையா, இல்ல நம்ம முதலாளி சட்டை வெள்ளையா?" என்று கேட்டு ஆளைப் படுத்தி எடுப்பார். மச்சினன் ஒரு சின்ன லோடு வண்டி வாங்கியபோது, ஊரில் வேறு எவனிடமும் இருக்கக்கூடாது என்று ஒரு நீலத்தைக் கலந்து அவரே அடித்துக் கொடுத்தார். பார்த்தால் கண்ணைப் பறிக்கும். "மாமா, இந்தக் கலர்ல வண்டி வச்சுக்கிட்டு நான் எங்க போய் ஒளியறது?" என்று அவன் அப்போதே புலம்பினான்.

வருஷம் முழுக்கப் பெயின்ட், தின்னர் நாற்றத்தில் கிடக்கிற மனுஷன், வருஷத்துக்கு ஒரு தடவை லீவு போடுவார். கூடாரம், அடுப்பு, கம்பளி எல்லாவற்றையும் பழைய பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு, பெரிய ரோட்டை விட்டு விலகி, மலையைச் சுற்றிப் போகிற குறுகலான பாதைகளில் தனியாகத் திரிந்துவிட்டு வருவார். "யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்று மனைவி சொல்லாத வருஷம் இல்லை. "கூட்டம் வேணும்னா பட்டறையிலயே இருந்துட்டுப் போறேனே" என்பார். அவளும் சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பொட்டலம் கட்டித் தருவாள்.

இந்த வருஷம் அந்தச் சிரிப்பு இல்லை.

காரணம் இதுதான். சில மாதங்களாகவே அவருக்கு ஓரத்தில் இருப்பதெல்லாம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். பட்டறையில் தரையில் வைத்திருந்த பெயின்ட் டப்பாவை உதைத்துக் கவிழ்த்தார். யாரிடமும் மூச்சு விடாமல் கண் டாக்டரிடம் போனார். ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தார். புள்ளி எப்போதாவதுதான் வந்தது. கருவிதான் பழுது என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

"நடுப்பார்வை நல்லா இருக்கு. சுத்தி இருந்தது போயிடுச்சு. போனது திரும்பாது, சொட்டு மருந்து விட்டா மிச்சத்தைக் காப்பாத்தலாம்" என்றார் டாக்டர். "ஆனா வண்டி மட்டும் வேண்டாம். இன்னையோட நிறுத்திடுங்க."

வீட்டில் "பவர் கொஞ்சம் கூடியிருக்காம்" என்று மென்று முழுங்கினார். உண்மையைச் சொன்னால் பைக் போகும். பைக் போனால் மலை போகும். அப்புறம், கண் போனவன் கையில் எவன் பெயின்ட் டப்பாவைக் கொடுப்பான்? அதற்குத்தான் பயந்தார். ஒரே ஒரு தடவை மலையைப் பார்த்துவிட்டு வந்து, தன் கையாலேயே பைக்கை விற்றுவிடுவது என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டார். அந்தப் பாதையில் ஆளா நடமாட்டமா? நேரே பார்த்து ஓட்டினால் போதாதா? மனசு ஒன்றை விரும்பிவிட்டால் அதற்கு நியாயமா கிடைக்காது!

கிளம்புகிற அன்று காலையில் மனைவி டீயைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே வைத்தாள். கொஞ்ச நாளாகவே அவள் எதையும் பக்கவாட்டில் வைப்பதில்லை. அவர் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் பைக்கின் இரண்டு கண்ணாடிகளையும் அவளே கையால் துடைத்துவிட்டாள்.

"போய்த்தான் ஆகணுமா?"

"என்னடி இது, புதுசா?"

"சரி. வளைவுக்கு வளைவு கண்ணாடியப் பாருங்க. பின்னாடி என்ன வருதுன்னு பாத்து ஓட்டுங்க. சத்தியமா பாக்கணும்."

"ஆகட்டும் தாயே" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு வளைவிலும், ரோட்டை விட்டு முகத்தைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார். பின்னால் ஈ காக்கா இல்லை. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. எதிர்ச் சரிவில் பச்சைக்குள் பச்சையாக எத்தனையோ பச்சை. ஒவ்வொன்றையும் கலக்க எதில் எத்தனை சொட்டு வேண்டும் என்று வாய் தானாக முணுமுணுத்தது. சாயங்காலம் ஓடைக்கரையில் கூடாரம் போட்டு, முட்டையை வேகவைத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி மலையைப் பார்த்தார். முன்பெல்லாம் ஒரே பார்வையில் அடங்கிய மலை. இப்போது துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. அழுகை வந்தது. கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் வாய்விட்டே அழுதார்.

மறுநாள் காலையில் வழியில் ஒரு டீக்கடைக்காரர், "ரெண்டு டீயா?" என்று கேட்டார்.

"என்னைப் பாத்தா ரெண்டு ஆளு மாதிரியா இருக்கு? ஒண்ணு போதும்" என்றார் கலர் அண்ணன். கடைக்காரர் அவர் தோளுக்குப் பின்னால் எங்கேயோ பார்த்துவிட்டுப் பேசாமல் ஒரு டீ போட்டார்.

இறங்குகிற வழியில்தான் அது நடந்தது. இடப்பக்கம் ஒரு வளைவு. வேகம்கூட இல்லை. ஏதோ 'டங்'கென்று இடித்தது, ஒரு அலறல் கேட்டது. பிரேக்கை அழுத்தி, காலை ஊன்றி நின்றார். ரோட்டில் பால் ஓடியது. பால் கேனோடு ஓரமாக நடந்துவந்த ஒரு பெண் கீழே விழுந்து, முழங்கை சிராய்த்து எழுந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ, என்னம்மா ஆச்சு? அடி பலமா?"

"நான் கிடக்கேன் விடுய்யா! புள்ளைய இடிக்கப் பாத்தியே! புள்ள கண்ணுக்குத் தெரியல?"

"எந்தப் புள்ளைம்மா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் மெல்லத் தலையை இடப்பக்கம் திருப்பினார். பைக்கை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற இடத்தில், ஒரு சின்னப் பெண் ரோட்டோரத் தடுப்புச் சுவரோடு சுவராக நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். மஞ்சள் ஸ்வெட்டர். எந்தப் பூச்சிலும் அதைவிட எடுப்பான மஞ்சள் கிடையாது. மலை அடிவாரத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கலர் அண்ணன் பைக்கை நிறுத்திவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தார்.

"தெரியலம்மா" என்றார். "எனக்குப் பக்கத்துல இருக்கறது தெரியாது. டாக்டர் ஓட்டாதேன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல."

வாய் திறந்து அதை ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. திட்ட வந்தவள் திட்டவில்லை. பிள்ளையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அவருக்கு இன்னும் வலித்தது.

மனைவிக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் சொன்னார்.

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"வண்டியத் தொடாதீங்க. அங்கயே இருங்க" என்றாள். "இதோ, தம்பி வருவான்."

"அவன் எப்படி இப்ப..." என்று அவர் கேட்டு முடிக்கவில்லை. வளைவுக்குப் பின்னாலிருந்து லோடு வண்டி வந்து நின்றது. அவரே கலந்த நீலம். மச்சினன் குதித்து இறங்கி ஓடிவந்தான். முதலில் குழந்தையைப் பார்த்தான். அப்புறம் அந்தப் பெண்ணின் கையைக் கழுவிக் கட்டுப்போட்டான். கடைசியில் மாமாவுக்கு முன்னால், நேரே, மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"நீ எங்கடா இங்க?"

"வீட்டுல இருந்து உங்க பின்னாடியேதான் வர்றேன் மாமா. ஓடைக்கரைல நீங்க கூடாரம் போட்டப்ப மேல ரோட்டுல வண்டிக்குள்ளதான் படுத்திருந்தேன். டீக்கடைல உங்க பின் பெஞ்சிலதான் இருந்தேன்."

கலர் அண்ணன் பைக்கின் கண்ணாடியை ஏறிட்டுப் பார்த்தார். "நான் பாத்துட்டேதான்டா வந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் பாத்தேன்."

"தெரியும் மாமா. ஒவ்வொரு வளைவுலயும் நான் வேணும்னே கிட்ட வந்தேன். லைட்டும் போட்டேன்." அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அக்கா சொல்லித்தான் அனுப்புனா. 'மாமா உன்னப் பாத்துட்டா நல்லாத் திட்டுவாரு. திட்டுனா கண்ணு நல்லா இருக்குன்னு அர்த்தம், வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துடு'ன்னா. நேத்தே ஹார்ன் அடிச்சு உங்கள நிறுத்தியிருக்கணும். அடுத்த வளைவுல பாத்துடுவாரு, அடுத்த வளைவுல பாத்துடுவாருன்னு விட்டுட்டேன்."

பைக்கை இருவருமாக லோடு வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கலர் அண்ணன் முன்சீட்டில் ஏறி, சாவியை அவன் மடியில் வைத்தார். பிள்ளையோடு அந்தப் பெண் ஓரமாக நடந்துபோவதைத் தலையைத் திருப்பி, அவர்கள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

மச்சினன் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"இப்பவாச்சும் திட்டுங்க மாமா" என்றான்.