கடிபட்ட பக்கம்

என் மகனுக்கு இரண்டு வயது ஆகப்போகிற சமயம், பால் குடித்துக்கொண்டே என்னைக் கடித்துவிட்டான். வேண்டுமென்று இல்லை. தெருவில் ஜீப் ஹாரன் கேட்டது. அப்பா வந்துவிட்டார் என்று தலையைத் திருப்பியவன், வாயை எடுக்க மறந்துவிட்டான். வந்தது வேறு யாருடைய ஜீப்போ. காம்பின் ஓரத்தில் தோல் கிழிந்து இரத்தம் கசிந்தது.

அவன் அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை. சனிக்கிழமை இறங்கினால் திங்கள் விடியலில் ஏறிவிடுவார். மற்ற நாளெல்லாம் போடியில் ஒரு வாடகை அறையில் நானும் பிள்ளையும்தான். போனில் அவரிடம் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு. இதையே சாக்கா வச்சுப் பால மறக்க வச்சிரு” என்றார். உடனே சிக்னல் போய்விட்டது. வலிக்கிறதா என்று கேட்கிற வரைக்குமாவது அந்த டவர் பொறுத்திருக்கலாம்.

நான் ஏலக்காய் தரம் பிரிக்கப் போகும் கிட்டங்கியிலும் அதே பாட்டுத்தான். “இன்னுமா குடுக்குற? வேப்பெண்ணெயத் தடவு ஆத்தா, கிட்டயே வரமாட்டான்” என்றார் பக்கத்தில் உட்காரும் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். என் மார்பைப் பற்றி ஊருக்கே ஒரு யோசனை இருந்தது. காயத்தைக் காட்டு என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குப் பாலை நிறுத்த மனமில்லை. அவனுக்காக மட்டுமல்ல, எனக்காகவும்தான். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. நாள் முழுக்க என்னை ஒருவர் தொடுவது அந்த நேரத்தில் மட்டுமே. குடிக்கும்போது தாலிக்கயிற்றைத் திருகிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பான். அதற்காகவே மதியம் கிட்டங்கியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்து, வீட்டுக்கார அம்மாவிடமிருந்து அவனை வாங்கிக்கொள்வேன்.

நல்ல பக்கத்தில் மட்டும் கொடுத்து, கடிபட்ட பக்கத்தில் தேங்காயெண்ணெய் போட்டுவந்தேன். புண்ணும் ஆறிக்கொண்டு வந்தது.

அன்றைக்குப் புதுக்காய் லோடு வந்திருந்தது. காலையெல்லாம் அதில் அளைந்த கை. எங்கள் கையில் ஏலக்காய் வாசம் எப்போதும் இருப்பதால் அது எங்களுக்கே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் அழுகை. சோப்புப் போடக்கூடப் பொறுமையில்லாமல், கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அதே விரலால் புண்ணில் எண்ணெயைத் தொட்டு வைத்தேன். வைத்த மறுகணம் அவன் அந்தப் பக்கமே வாய் வைத்தான். கடித்த பிறகு அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம், விட்டுவிட்டேன்.

கையிலிருந்த புதுக்காயின் காரம் புண்ணில் இறங்கிப் பற்றிக்கொண்டு எரிந்தது.

“ஐயோ, விடுறா!” என்று கத்திப் பிடித்துத் தள்ளினேன். பாயில் மல்லாந்து விழுந்தான். அவன் அழவில்லை. கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடியும் தான்தான் கடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எந்தப் பக்கமும் வரவில்லை. டம்ளரில் ஆற்றிக் கொடுத்தால் பசும்பாலைக் குடித்தான். எனக்கு இரண்டு பக்கமும் பால் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. குளியலறையில் நின்று பாலைப் பீய்ச்சிவிட்டு, வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அழுதேன்.

சனிக்கிழமை வந்தவர், “அடேயப்பா, வெரசா மறந்துட்டானே!” என்று மகனைத் தூக்கிச் சுற்றினார். கை கழுவாமல் எண்ணெய் வைத்த கதையைச் சொன்னேன்.

“எப்படியோ சோலி முடிஞ்சுச்சுல்ல” என்றார். சோற்றைப் போட்டேன்.

திங்கட்கிழமை அவர் மலையேறிப் போனார். புண் சுத்தமாக ஆறிவிட்டிருந்தது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “பாரு தங்கம், சரியாப் போச்சு. அம்மாவுக்கு வலிக்கல. குடி” என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

முகத்தைக் கிட்டே கொண்டுவந்தான். உதட்டைக் குவித்து மெல்ல ஊதினான். பிறகு என் முந்தானையை இரண்டு கையாலும் இழுத்து மூடிவிட்டு, “வேணாம். அம்மா பாவம்” என்று மடியிலிருந்து இறங்கி விளையாடப் போய்விட்டான்.

என் வலியை யாராவது ஒருவர் பொருட்படுத்த மாட்டார்களா என்று ஏங்கியிருந்தேன். பொருட்படுத்தியவன் அவன் ஒருவன்தான். அதனால்தான் குடிக்கவில்லை.